ஆயுள் அட்டவணை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு, பக்கத்து அறையில் அப்பா இருமுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த மூன்றாவது மாடி அறையைக் காலி செய் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். அவருக்கு நுரையீரல்தான் போய்விட்டது, காது இன்னும் பாம்புக் காதுதான்.

விஷயம் உன் ஆபீஸைப் பற்றியது. உலகத்துக்கெல்லாம் ஒரே மாதிரிக் கணக்கு என்று புதுச் சட்டம் கொண்டுவந்தீர்களே, அது எங்கள் கண்ணாடி ஆலை வாசலுக்கும் வந்துவிட்டது. தலைமைக் கணக்காளன் என்ற பெயரில் நான்தான் அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். ஆலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு நீல அட்டை கொடுப்பது உனக்குத் தெரியும். கடைசிவரை ஆலை ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். அது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. பழைய முதலாளி ஒருநாள் வாயால் சொன்னார், அன்றிலிருந்து நடக்கிறது. அந்தந்த வருடத்து மருந்துச் செலவை அந்தந்த வருடம் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம். இப்போது, அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்னும் எத்தனை வருடம் இருப்பார், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணித்து, மொத்தத்தையும் இன்றைய தேதியில் ஆலையின் கடனாகக் காட்ட வேண்டுமாம்.

காட்டிப் பார்த்தேன். நாட்டுக்குப் பொதுவான ஆயுள் அட்டவணைப்படி, ஓய்வு பெற்ற ஆள் எழுபத்தாறு வயது வரை இருப்பார். அதை வைத்துப் போட்டால், ஆலையைக் கூரையோடு விற்றாலும் கடன் மிஞ்சுகிறது. கடன் சொத்தைத் தாண்டினால் கொடுத்ததை உடனே திருப்பிக் கேட்போம் என்று பேங்க்காரன் பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறான். கேட்டால் ஆலையை மூட வேண்டியதுதான். முதலில் மூடப்போவது ஆஸ்பத்திரி. அப்பாவின் ஆக்ஸிஜன் சிலிண்டர் அங்கிருந்துதான் வருகிறது. வெளியில் வாங்கினால் என் சம்பளம் பாதி மாதத்துக்குக்கூடக் காணாது.

ஒரே ஒரு வருடம் தள்ளிப்போட ஏதாவது வழி உண்டா? கேட்டு மட்டும் சொல்.

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு,
தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு வாழ்கிறோம். அப்பா மூச்சு முட்டாமல் தூங்க எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறார் என்று எழுது. இரண்டா மூன்றா என்பதிலிருந்து நான் மற்றதைத் தெரிந்துகொள்வேன். நீ சுகம் என்று எழுதுவதை நம்ப முடியாது.

நீ கேட்டதற்குப் பதில், முடியாது. தள்ளிப்போட வழி இல்லை. இருந்தாலும் நான் கேட்கக்கூடாது. என் தம்பி அந்த ஆலையில் வேலை பார்க்கிறான் என்று சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் உங்கள் கோப்பு என் மேசைக்கு வராது. எதிர் மேசைக்குப் போகும். அங்கே இருப்பவரை நாங்கள் பென்சில் என்போம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற மனிதர், கெட்டவர் இல்லை.

எழுதிக் கொடுக்காத வாக்குக்கெல்லாம் கணக்கா என்று உனக்குக் கோபம். வருடக்கணக்காகச் செய்துவந்ததை நாளையும் செய்வார்கள் என்று ஒருவன் நம்பி இருந்தால், அது கடன்தான். இதை நானே எத்தனையோ வகுப்புகளில் நின்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அப்பாவின் நீல அட்டைதான் மனதில் இருந்தது. அந்த வாக்கைக் கணக்கில் ஏற்றினால் அதைக் காப்பாற்றுவார்கள் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், கொஞ்சம் குரல் தாழ்ந்திருக்கிறது.

இனிமேல் கடிதத்தில் ஆலைக் கணக்கு வேண்டாம், தம்பி. உன்னோடு போனில் பேசினாலே நான் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்பாவைப் பற்றி மட்டும் எழுது.

உன் மனைவிக்கு என் அன்பு.
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தலையணை. போதுமா? மற்றபடி சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், சீரியல் பார்த்து வில்லியைத் திட்டுகிறார்.

கணக்கு வேண்டாம் என்று நீ சொன்னாய். ஆனால் நல்ல செய்தியைச் சொல்லாமல் எப்படி இருப்பது? வழி கிடைத்துவிட்டது! வெளியில் எங்கும் இல்லை, உங்கள் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பொது அட்டவணை என்பது வேறு வழி இல்லாதவனுக்கு. உன் ஆட்களைப் பற்றி உனக்கே நல்ல தகவல் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. நான்கு தடவை படித்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் எடுத்தேன். பேக்கிங் கொட்டகை, ஆபீஸ், லாரி ஆட்கள் எல்லோரும் ஊர் உலகத்தைப் போலத்தான் போகிறார்கள். உலைப் பிரிவு ஆட்கள் அப்படி இல்லை. அங்கே சராசரி அறுபத்துநான்கு. அட்டை வைத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் உலை ஆட்கள். பெரிய ஊரிலிருந்து வந்த, ஆயுளை வைத்துக் கடனைக் கணக்குப் போடும் கணிப்பாளரிடம் இதைக் கொடுத்தேன். "எந்த அட்டவணை குடுத்தாலும் போட்டுத் தருவேன் சார், எனக்கென்ன" என்றார். போட்டார். கடன் பாதியாக இறங்கிவிட்டது. பேங்க் நிபந்தனைக்குள் வந்தாயிற்று. முதலாளி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருடத்தில் அவர் என் கையைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

ஆலை பிழைத்தது அக்கா. இன்று வீட்டுக்கு வரும் வழியில் எல்லோருக்கும் புதுச் செருப்பு வாங்கி வந்தேன்.

சந்தோஷத்துடன்,
தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

அப்பா எத்தனை வருடம் உலையில் வேலை பார்த்தார்? இப்போது அவருக்கு என்ன வயது?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அலைகிறேன். நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் உனக்கே பதில் தெரியும். கேட்க வேண்டும் என்றே கேட்டாய். சரி, சொல்கிறேன். உலையில் முப்பத்தொரு வருடம். வயது அறுபத்துமூன்று முடிந்து நடக்கிறது.

எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் மீதி வருடத்தை நான்தான் போட்டேன். அப்பா பெயர் வந்தபோது எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து போட்டேன். ஒன்று என்றுகூடப் போட முடியவில்லை, ஒன்றுக்கும் கீழே போனது. அன்றைக்குத்தான் செருப்பு வாங்கினேன். அப்பாவுக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரன், "பெரியவருக்கா? நல்லா உழைக்கும் சார், அஞ்சு வருஷம் வரும்" என்றான். அங்கேயே உடைந்துவிட்டேன். என்ன சார், விலை அதிகமா என்று கேட்டான்.

நான் என்ன செய்யட்டும், சொல். பொது அட்டவணையைப் போட்டால் காகிதத்தில் அப்பா எழுபத்தாறு வரை இருப்பார், சிலிண்டர் வருவது நின்றுவிடும், நிஜத்தில் ஒரு மாதம் தாங்க மாட்டார். எங்கள் அட்டவணையைப் போட்டால் சிலிண்டர் வரும். காகிதத்தில் சாகட்டும் அக்கா, கட்டிலில் இருக்கட்டும். வேறு எப்படியும் எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

கோப்பு அனுப்பியாகிவிட்டது. உலை ஆட்கள் ஏன் சீக்கிரம் போகிறார்கள் என்ற விளக்கக் குறிப்பை மட்டும் முதலாளி எடுத்துவிடச் சொன்னார். "நம்பர் போதும், கதை எதுக்கு? இதை அச்சடிச்சா விதவைங்க எல்லாம் வாசல்ல வந்து நிப்பாங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஏப்ரல் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. முழங்காலைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன், முழங்காலால் யாரும் எழுதுவதில்லை. அப்பாவுக்குத் தலையணை நான்கு ஆகிவிட்டதா?

போன வாரம் கேன்டீனில் பென்சில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எனக்கும் அந்த ஆலைக்கும் உள்ள உறவு அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. "ஒரு கண்ணாடி ஆலை மேடம், கடனைக் குறைக்க கிழவங்களை எல்லாம் பன்னெண்டு வருஷம் முன்னாடியே கொன்னு போட்டிருக்காங்க. எழுபத்தாறை அறுபத்துநாலாக்கி வெச்சிருக்கான் ஒருத்தன். தைரியத்தைப் பாருங்க" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலையே மேலதிகாரி அம்மாவிடம் போய், நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தேன். வைக்காமல் இருந்தால் நாளைக்கு உன்னை நான் காப்பாற்றினேன் என்று ஆகும். அது உனக்கும் நல்லதில்லை. அவர் முழுவதும் படித்தார். செருப்பு வாங்கிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கோப்பு முடியும்வரை ஊருக்குப் போக வேண்டாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்குக் கேள்வி வரும். ஆதாரமும் விளக்கமும் கொடுக்காவிட்டால் பொது அட்டவணையைப் போடச் சொல்வார்கள், உன் கணக்காளர் உரிமத்தையும் எடுப்பார்கள். நீ எழுதியது உண்மையானால், அச்சில் வரும்படி எழுது. பொய்யானால், இப்போதே சொல்லிவிடு.

அக்கா


ஜூலை 9

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்தக் கடிதத்தையும் மேசை மேல் வைப்பீர்கள் என்பதால் அழகான கையெழுத்தில் எழுதுகிறேன்.

இல்லை, என்னால் இப்படியே எழுதிக்கொண்டு போக முடியாது. அக்கா, நீ செய்தது சரிதான். சரியாகச் செய்கிறவர்களோடு பிறந்துவிட்டால் இதுதான் கஷ்டம்.

கேள்வி வந்துவிட்டது. முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார், "பழைய அட்டவணைன்னு தெரியாம போட்டுட்டேன், என் தப்புன்னு எழுதிக் குடு. உனக்கு வேற எடத்துல வேலை பாத்துத் தரேன்." ஆலையை மூடினால்கூட அவர் பேரில் இருக்கும் நிலம் அவருக்கு மிஞ்சும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குறிப்பு அச்சில் வந்து விதவைகள் நஷ்டஈடு கேட்டால்தான் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

நேற்று அப்பாவை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். ஆலை பூராவும் பேச்சாகக் கிடக்கிறது, அவர் காதுக்கு மட்டும் போகாமல் இருக்குமா? வண்டியில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"எனக்கு எவ்வளவுடா போட்டிருக்க?"

"என்னதுப்பா?"

"வருஷம்டா. மளிகைக் கடையில மீதி கேக்கற மாதிரிதான் கேக்கறேன். சும்மா சொல்லு."

"இருவது வருஷம் போட்டிருக்கேம்ப்பா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். மூச்சு வந்ததும் என் முதுகைத் தட்டிச் சொன்னார், "அப்படின்னா ஆலைய மூடிட்டியேடா."

பொய்யா என்று கேட்டாயே, பொய்யாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றாத நாளே இல்லை.

தலையணை நான்கு.
தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எழுதுவது தம்பி மனைவி. மாமாவுக்குக் கை நடுங்குவதால் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொன்னதால் அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணு, நல்லா இருக்கியா? மூட்டு வலிக்குத் தைலம் தேச்சுக்கிட்டியா? நீ வரக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாமே, அவங்க சொல்றதைக் கேளு. நான் எங்கயும் போயிடல.

உன் தம்பி எழுதினது நெசமா பொய்யான்னு உன் ஆபீஸ்ல கேக்கறாங்களாம். ஆஸ்பத்திரி வராண்டாவுல ரெண்டு பெஞ்சு இருக்கு. ஒண்ணு பேக்கிங் கொட்டகை ஆளுங்களுக்கு, ஒண்ணு உலை ஆளுங்களுக்கு. யாரும் எழுதி வெக்கல, நாங்களா உக்காந்துக்கிட்டது. பேக்கிங் பெஞ்சுல எனக்கு முன்னாடி ரிட்டயர் ஆனவன் எல்லாம் இன்னும் எடம் பத்தலைன்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கான். எங்க பெஞ்சுல காலை நீட்டிப் படுக்கலாம். நானும் ஊதுகுழலும்தான் வழக்கமா வர்றது. ஊதுகுழல் தெரியும்ல, என் கூடவே பாட்டில் ஊதினவன், என்னைவிட ரெண்டு மாசம் சின்னவன். அவ்வளவுதாம்மா ஆதாரம். உன் தம்பி பொய் சொல்லல.

இன்னொண்ணு கேக்கணும். நான் சீக்கிரம் போனா ஆலைக்கு லாபம்னு பேசிக்கறாங்க. அந்த லாபம் கொஞ்சம் மெதுவா வரட்டுமேன்னு இருக்கு எனக்கு. உங்க சட்டத்துல, அட்டவணையில போட்ட வயசைத் தாண்டி ஒருத்தன் உசுரோட இருந்துட்டா ஏதாவது அபராதம் உண்டா? உன் தம்பிக்கு அதால கெட்ட பேரு வருமா?

எனக்குப் பயமா இருக்கு கண்ணு. அதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத.

மாமா இத்துடன் தூங்கிவிட்டார். நீங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், அண்ணி.


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் தெம்பு இன்று இல்லை. மன்னித்துக்கொள்.

ஜூன் மாதம் நான் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. பென்சில் சிரித்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பெரிய ஆறுதல்தான் வந்தது. நீ ஏமாற்றியிருக்கிறாய் என்று அவர் நினைக்கிறார் என்றால், ஒருவேளை நீ உண்மையிலேயே ஏமாற்றியிருக்கலாமே! அப்படியானால் உலை ஆட்களும் எழுபத்தாறு வரை இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். என் தம்பி பொய்க்கணக்கு எழுதியவனாக இருக்கட்டும், உரிமம் போகட்டும், ஜெயிலுக்கே போகட்டும், அப்பா இருப்பார். கூடப் பிறந்தவளின் வேண்டுதலைப் பார்.

இப்போது எனக்குத் தெரியும், நீ பொய் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே.

கெடு இந்த மாதக் கடைசி. ஆதாரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதை எடுத்தவன் நீ. பதிலில் கையெழுத்துப் போட வேண்டியது தலைமைக் கணக்காளன், முதலாளி இல்லை. இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை எழுதினாலும் தப்பு. எழுதியதே தப்பு. இந்தக் கடிதத்தின் நகலையும் நாளைக் காலை மேலதிகாரி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

அப்பாவிடம் ஒன்று சொல். நானாகச் சொன்னதாகவே சொல். அட்டவணையைத் தாண்டி இருந்தால் அபராதம் எதுவும் இல்லை. முன்னால் போனவரை ஆதாயம் என்ற வரியில் எழுதுவார்கள், தாண்டி இருப்பவரை நஷ்டம் என்ற வரியில் எழுதுவார்கள், அவ்வளவுதான். யாருக்கும் கெட்ட பெயர் வராது. தன்னால் முடிந்த மட்டும் நஷ்டம் பண்ணச் சொல்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதினால் ஒன்றாவது ஒட்டாதா என்று பார்க்கிறேன்.

அனுப்பிவிட்டேன். செத்துப்போன உலை ஆட்களின் வயது, வருடம், நோய் எல்லாவற்றையும் சேர்த்து, உலைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் மற்றவர்களைவிடப் பன்னிரண்டு வருடம் முன்னால் இறக்கிறார்கள் என்று விளக்கக் குறிப்பில் ஒரே வாக்கியமாக எழுதினேன். சுற்றி வளைத்தால் முதலாளி நடுவில் எங்காவது கத்தரி வைப்பார். கையெழுத்துப் போட்டு, நானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். மறுநாள் காலை வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. பாவம், அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சாருக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

உங்கள் பென்சில் ஏற்றுக்கொண்டு கடிதம் போட்டுவிட்டாராம். பேங்க்காரனுக்குச் சந்தோஷம். கடன் நிபந்தனைக்குள் இருக்கிறது, அது ஏன் இருக்கிறது என்று அவன் படிக்கவே இல்லை போலிருக்கிறது. ஆலை ஓடுகிறது. ஆஸ்பத்திரி இருக்கிறது. எனக்குத்தான் வேலை போனது, நீல அட்டை அப்பாவுடையது, அதை யாரும் தொட முடியாது. வாக்கு கணக்கில் ஏறிவிட்டதல்லவா. நீ வகுப்பில் சொன்னது அந்த மட்டுக்கும் பலித்தது.

குறிப்பு அச்சில் வந்த வாரமே, அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு பெண்கள் ஆலை வாசலில் நிற்கிறார்கள். முதலாளி சொன்னது நடந்தது. நடக்கட்டும்.

அப்பாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். இப்போதெல்லாம் காலையில் கண் விழித்ததும், "இன்னிக்கும் நஷ்டம்தான்டா" என்கிறார்.

கோப்பு முடிந்துவிட்டதே. எப்போது வருகிறாய்?
தம்பி


டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நாலு நாள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் முழங்கால் வலியே தெரியவில்லை. படி ஏறியதும் திரும்பி வந்துவிட்டது.

ஊதுகுழல் இறந்துபோன செய்தியை நீ வாசலில் நின்று காதோடு சொன்னபோது நான் முகத்தை மாற்றாமல் உள்ளே போய் உட்கார்ந்தது எப்படி என்று எனக்கே தெரியவில்லை. அப்பா அப்போது, "ஊதுகுழல் ஏன் ஊசிக்கு வர்றதில்ல, அவன் மகன் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்ல" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படித்தான் நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள் என்பதால் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்குக் கொஞ்சமும் உறுத்தாத பொய் அது ஒன்றுதான்.

சொல்லிவிடாதே, தம்பி. குளிர் போகட்டும். அவருக்கு அறுபத்துநான்கு தாண்டட்டும். பிறகு பார்த்துக்கொள்வோம்.

இதனுடன் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பினால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதுவதா என்று நீயே இதைப் படித்துவிட்டு முடிவு செய்.

ஜனவரியில் அப்பாவுக்கு அறுபத்துநான்கு தாண்டிவிட்டது. அன்று புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்து வந்தார். அடி வெள்ளையாகவே இருக்கிறது இன்னும்.

என் இடத்துக்கு வந்திருக்கும் அம்மா நேற்று வீட்டுக்கு வந்தார். நல்லவர், வேலைக்குப் புதிது. வருடக் கடைசிக் கணக்கில் ஒரு சந்தேகம், என்னை விட்டால் கேட்க ஆள் இல்லை என்றார். முன் அறையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம். பாம்புக் காதுக்கு அது போதவில்லை.

"யாருடா அது, ஆலையிலேர்ந்தா? உள்ள வரச் சொல்லு" என்று அப்பா கூப்பிட்டார்.

அந்த அம்மா உள்ளே போய் வணக்கம் சொன்னார். அப்பாவுக்கு ஒரே உற்சாகம். தலையணைகளில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எந்தப் பக்கம்மா இருக்கேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"நஷ்டத்துல இருக்கீங்கய்யா" என்றார், மரியாதையாக.

"அப்படிச் சொல்லு! பாத்தியாடா?" என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். இருமல்கூட வரவில்லை. "அடுத்த வருஷத்துக்கும் ஒரு வரி விட்டு வைம்மா. ஊதுகுழலுக்கும் மார்ச்சோட தாண்டுது. அவனும் என் பக்கத்துக்கு வந்துடுவான்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா தாளைப் புரட்டிவிட்டார். அவர் என்ன செய்வார், ஆலையில் எல்லோரும் அந்த ஆளை ஊதுகுழல் என்றுதான் சொல்வார்கள், அப்பா யாரைக் கேட்கிறார் என்று தெரிந்தது, பார்த்தார், சொன்னார்.

"இல்லைங்கய்யா. அவர் நவம்பர்லயே ஆதாயத்துல வந்துட்டாரே."

நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அப்பா தலையணையில் சாய்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு எதுவோ புரிந்து, தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். என் மனைவி அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், முகத்தைக் காட்டவில்லை. பிறகு கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சிலிண்டரை இன்னும் கொஞ்சம் திறந்து விடுடா" என்றார்.

திறந்துவிட்டேன் அக்கா.

தம்பி